தட்டாமல் உடைக்கப்படும் கதவு

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் காவலர்கள் சில சமயம் தட்டாமல், யாரென்று சொல்லாமல், கதவை உடைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறார்கள். வருகிறோம் என்று சொன்னால் குற்றவாளி தடயத்தை அழித்துவிடுவான், இல்லையென்றால் துப்பாக்கியோடு காத்திருப்பான். அப்படியிருக்க இதை எதற்கு எதிர்க்கிறார்கள்?"

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் ஓர் உயிர் அந்த நிமிடத்தில் ஊசலாடுகிறது என்றால் தட்டாமல் நுழையலாம், நுழையத்தான் வேண்டும். பொட்டலம் கழிப்பறைக்குள் போய்விடுமோ என்ற பயத்தில் நுழைவது எனக்கு எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நியாயமாகப் படவில்லை. காவலருக்குப் பாதுகாப்பு என்று சொல்லப்படும் இந்த முறை, காவலரையும் சேர்த்தேதான் கொல்கிறது. இந்த வழக்குகளின் தீர்ப்புகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வந்ததில் எனக்குக் கிடைத்த முடிவு இது. ஏன் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கதவைத் தட்டுவது வெறும் மரியாதை என்று பலர் நினைக்கிறார்கள். அது பழைய சட்டக் கடமை. 1604இல் இங்கிலாந்தில் செமெய்ன் வழக்கு என்று ஒன்று வந்தது. ஒருவனுடைய வீடு அவனுக்குக் கோட்டை என்ற பேச்சு சட்டத்தில் வேரூன்றியது அதிலிருந்துதான். அந்தப் பாதியைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். மறுபாதிதான் எனக்கு முக்கியம். அரசனின் ஆணையோடு வரும் அதிகாரி தேவைப்பட்டால் கதவை உடைக்கலாம் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. ஆனால் உடைப்பதற்கு முன், தான் எதற்கு வந்திருக்கிறேன் என்று சொல்லி, திறக்கும்படி கேட்க வேண்டும். காரணம் எளிமையானது: உள்ளே இருப்பவனுக்கு ஆணை வந்திருப்பதே தெரியாமல் இருக்கலாம், தெரிந்தால் அவன் கீழ்ப்படிவான் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ள வேண்டும். நானூறு ஆண்டுகளுக்கு முன் எழுதியவர்களுக்கு இது புரிந்திருக்கிறது. வெளியே நிற்பது யார் என்று தெரியாதவனிடம் கீழ்ப்படிதலை எதிர்பார்க்க முடியாது.

இந்த மரபு அமெரிக்காவுக்கும் போனது. 1958இல் மில்லர் வழக்கு. வாஷிங்டனில் விடியற்காலை மூன்றே முக்கால் மணிக்கு ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். "யார்?" என்று கேட்டதற்குத் தணிந்த குரலில் "போலீஸ்" என்று பதில். அவர் சங்கிலியை எடுக்காமல் கதவை லேசாகத் திறந்து, எதற்கு வந்தீர்கள் என்று கேட்டுவிட்டு மூடப் பார்த்தார். அவர்கள் சங்கிலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போனார்கள். எதற்கு வந்தோம் என்று சொல்லாமல் உடைத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. இத்தனைக்கும் அவர்கள் தட்டியிருந்தார்கள், பெயரும் சொல்லியிருந்தார்கள். அந்தக் காலத்து நீதிமன்றத்துக்கு அதுவே போதவில்லை.

அப்புறம் போதைப்பொருள் மீதான போர் வந்தது. 1970இல் நிக்சன் அரசு கேட்டுக்கொண்டதன் பேரில், மத்திய போதைப்பொருள் வழக்குகளில் தட்டாமல் நுழைய நாடாளுமன்றம் அனுமதித்தது. 1973 ஏப்ரலில் இலினாய் மாநிலத்தின் காலின்ஸ்வில் என்ற சிற்றூரில் மத்திய போதைத்தடுப்புப் படையினர் ஒரே இரவில் இரண்டு தவறான வீடுகளுக்குள் புகுந்தார்கள். நாடே கொதித்தது, 1974இல் அந்தச் சட்டப்பிரிவு நீக்கப்பட்டது. ஆனால் பழக்கம் நீங்கவில்லை. அது மாநிலச் சட்டங்கள் வழியாகவும், உள்ளூர்க் காவல்துறைகள் உருவாக்கிய ஸ்வாட் படைகள் வழியாகவும் திரும்பி வந்தது. பணயக்கைதிகளை மீட்கவும், துப்பாக்கியோடு ஒளிந்திருப்பவனைப் பிடிக்கவும் என்று தொடங்கிய படைகள் அவை. 2014இல் ஏ.சி.எல்.யூ. எனப்படும் அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் பல ஊர்களின் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, அவர்கள் பார்த்த ஸ்வாட் நடவடிக்கைகளில் 79 சதவீதம் வீட்டுச் சோதனை ஆணையை நிறைவேற்றப் போனவை. பணயக்கைதி, பதுங்கிக்கொண்ட ஆள், துப்பாக்கிச் சூடு போன்ற காரணங்களுக்காகப் போனது 7 சதவீதம்.

இனி நீங்கள் சொன்ன இரண்டு நியாயங்களுக்கு வருவோம்.

முதலாவது, தடயம். 1997இல் ரிச்சர்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல காரியம் செய்தது. போதைப்பொருள் வழக்கு என்றாலே தட்டத் தேவையில்லை என்று விஸ்கான்சின் மாநிலம் வைத்திருந்த பொது விதியை ஒருமனதாக நிராகரித்தது. ஒவ்வொரு வழக்கிலும் தனியாகக் காரணம் காட்ட வேண்டும் என்றது. ஆனால் அந்தக் காரணங்களில் ஒன்றாக, தடயம் அழிந்துவிடும் என்ற நியாயமான சந்தேகத்தையும் ஏற்றுக்கொண்டது. அந்த ஓட்டை பெரிதாகிக்கொண்டே போனது. 2003இல் பேங்க்ஸ் வழக்கைப் பாருங்கள். நெவாடா மாநிலத்தின் வடக்கு லாஸ் வேகாஸில் பிற்பகல் நேரம். காவலர்கள் பலமாகத் தட்டி, "போலீஸ், சோதனை ஆணை" என்று கத்திவிட்டு, 15 முதல் 20 விநாடி காத்திருந்து, கதவை இடித்தார்கள். அந்த ஆள் குளித்துக்கொண்டிருந்தார். கதவு உடையும் சத்தம்தான் அவர் காதில் விழுந்த முதல் சத்தம். உடம்பிலிருந்து நீர் சொட்டச் சொட்ட வெளியே வந்தார். அந்த விநாடிகள் போதும் என்றது நீதிமன்றம். எப்படிக் கணக்கிட்டது தெரியுமா? ஒரு மனிதன் வாசலுக்கு வந்து கதவைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்க்கவில்லை. கொக்கைனைக் கழிப்பறையில் கொட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்த்தது.

இந்தக் கணக்கை அதன் முடிவு வரைக்கும் கொண்டுபோய்ப் பாருங்கள். 15 விநாடியில் கழிப்பறையில் போட்டு நீரூற்றிவிடக் கூடியது எது? ஒரு சின்னப் பொட்டலம். மூட்டை மூட்டையாக வைத்திருப்பவனால் அதைச் செய்ய முடியாது, குழாய்தான் அடைத்துக்கொள்ளும். ஆக, குற்றம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு பலமாகப் பேசுகிறது இந்த நியாயம். மிகச் சிறிய குற்றத்துக்கு மிக வன்முறையான நுழைவு. 2014 மே மாதம் ஜார்ஜியா மாநிலத்தின் ஹேபர்ஷாம் கவுண்டியில் 50 டாலர் மதிப்புள்ள மெத் என்ற போதைப்பொருளை வாங்கியதாக ஓர் ஆள் சொன்னதை வைத்து அதிகாலை இரண்டு மணிக்கு மேல் ஒரு வீட்டுக்குள் புகுந்தார்கள். கண்ணைக் குருடாக்கி காதைச் செவிடாக்கும் அதிர்ச்சிக் குண்டு ஒன்றை உள்ளே எறிந்தார்கள். அது விழுந்தது 19 மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்த சிறு கட்டிலில். குழந்தையின் முகமும் மார்பும் கிழிந்து, பல அறுவை சிகிச்சைகள் தேவைப்பட்டன. வீட்டில் போதைப்பொருள் கிடைக்கவில்லை. தேடிப்போன ஆளும் அங்கே இல்லை. அன்றைக்கே வேறொரு வீட்டில் அவர் பிடிபட்டார், சண்டை எதுவும் இல்லாமல்.

அந்தக் குழந்தையின் கட்டிலை ஒரு தட்டில் வைத்தால், மறுதட்டில் வைக்க 50 டாலர் பொட்டலத்தைத் தவிர நம்மிடம் ஒன்றும் இல்லை. தடயம் போய்விட்டால் ஒரு வழக்கு போகும், அவ்வளவுதான். அது இழப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தாங்கக்கூடிய இழப்பு.

இரண்டாவது நியாயம் கனமானது. உள்ளே இருப்பவன் கையில் துப்பாக்கி இருக்கலாம். அமெரிக்காவில் இதை லேசாகத் தள்ள முடியாது. பொதுமக்களிடம் உள்ள துப்பாக்கிகள் 39 கோடிக்கும் மேல் என்று 2018இல் வந்த ஒரு மதிப்பீடு சொல்கிறது, மக்கள்தொகையைவிட அதிகம். அந்தக் கதவுக்கு முன் நிற்கும் காவலருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர் பயத்தை நான் மதிக்கிறேன். எதிராளி சுதாரிப்பதற்குள் உள்ளே போய்விட்டால் சுடுவதற்கு அவனுக்கு நேரம் இருக்காது என்பது அவர்களுக்குக் கற்றுத்தரப்படும் பாடம்.

பாடம் ஒரு விஷயத்தை மறக்கிறது. அதே 39 கோடி துப்பாக்கிகளில் பெரும்பாலானவை சட்டப்படி வைத்திருப்பவர்களுடையவை. திருடன் வந்தால் சுடலாம் என்று அவர்களிடம் அரசே சொல்லியிருக்கிறது. பல மாநிலங்களில் நள்ளிரவில் வீட்டை உடைத்து வருபவனைச் சுடுவது குற்றமே இல்லை. ஆக ஒரே அரசு, வீட்டுக்காரரிடம் "உடைத்து வருபவனைச் சுடு" என்கிறது, காவலரிடம் "உடைத்துக்கொண்டு போ" என்கிறது. இருட்டில் இந்த இரண்டு அனுமதிகளும் நேருக்கு நேர் மோதுகின்றன. தட்டி, பெயர் சொல்லி, பதிலுக்குக் காத்திருப்பது மட்டுமே இந்த மோதலைத் தடுக்கக்கூடியது. அதைத்தான் எடுத்துவிடுகிறார்கள்.

2010 முதல் 2016 வரை கதவை உடைத்து நுழைந்த இத்தகைய சோதனைகளில் குறைந்தது 81 பொதுமக்களும் 13 காவலர்களும் இறந்ததாக நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தேடித் தொகுத்தது. அந்தப் பதின்மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். டெக்சஸ் மாநிலத்தில் ஐந்து மாத இடைவெளியில் இரண்டு சம்பவங்கள். 2013 டிசம்பரில் பர்லசன் கவுண்டியில், தட்டாமல் நுழைந்த காவலர் ஒருவரை வீட்டுக்காரர் சுட்டுக் கொன்றார். கொள்ளையன் என்று நினைத்தேன், கர்ப்பமாக இருந்த துணையைக் காப்பாற்றச் சுட்டேன் என்றார். நடுவர் குழு கொலைக்குற்றம் சாட்ட மறுத்துவிட்டது. 2014 மே மாதம் கில்லீன் நகரில் அதேபோல் விடியலுக்கு முன் நடந்த நுழைவில் ஒரு துப்பறிவாளர் இறந்தார். சுட்டவர் சொன்னதும் ஏறக்குறைய அதேதான். அவர் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் விசாரணைக் கைதியாகக் கிடந்து, 2023இல் கொலைக்குற்றவாளி என்று ஆயுள் தண்டனை பெற்றார். முதலாவது வழக்கில் சுட்டவர் வெள்ளையர், இரண்டாவதில் சுட்டவர் கறுப்பினத்தவர். இரண்டு வழக்குகளின் விவரங்களும் எல்லா வகையிலும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு காவலர்களும் சாகாமல் இருந்திருக்கலாம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ப்ரியானா டெய்லர் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 26 வயது, அவசர மருத்துவ ஊழியர், கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரம், 2020 மார்ச் 13, நள்ளிரவு தாண்டி நாற்பது நிமிடம். தட்டாமல் நுழைய அனுமதி வாங்கியிருந்தார்கள். தட்டிவிட்டுப் போங்கள் என்று கடைசியில் சொல்லப்பட்டதாகவும், தட்டிப் பெயர் சொன்னதாகவும் காவலர்கள் கூறினார்கள். அக்கம்பக்கத்தார் பெரும்பாலோர் பெயர் சொன்னது கேட்கவில்லை என்றார்கள். உள்ளே இருந்த காதலர் திருடர்கள் என்று நினைத்து ஒருமுறை சுட்டார். ஒரு காவலரின் தொடையில் பட்டது. காவலர்கள் 32 முறை சுட்டார்கள். ப்ரியானா அங்கேயே இறந்தார். இதில் என்னால் கடந்துபோக முடியாத இடம் ஒன்று உண்டு. சுடுவது நின்றதும் அந்தக் காதலர் செய்தது 911 என்ற அவசர உதவி எண்ணுக்கு அழைத்தது. யாரோ கதவை உடைத்து வந்து என் காதலியைச் சுட்டுவிட்டார்கள் என்று அழுதுகொண்டு சொன்னார். காவல்துறை வீட்டு வாசலில் நிற்கும்போது காவல்துறையையே உதவிக்குக் கூப்பிட்டார். வெளியே இருப்பது யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஆணையில் "தட்ட வேண்டும்" என்று எழுதியிருப்பதால் மட்டும் ஒன்றும் மாறிவிடாது. தூங்குகிறவரின் காதில் விழாத தட்டல் தட்டாததற்குச் சமம். எழுந்து, உடை மாற்றி, வாசல் வரை நடக்க ஒரு மனிதனுக்கு வேண்டிய நேரம் கொடுக்கப்பட்டதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். 2019 பிப்ரவரியில் சிகாகோவில் தவறான வீட்டுக்குள் புகுந்த காவலர்கள், உடை மாற்றிக்கொண்டிருந்த சமூகப்பணியாளர் ஒருவரை நிர்வாணமாகவே கைவிலங்கிட்டு நிற்க வைத்தார்கள். தவறான வீட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்று அவர் நாற்பது தடவைக்கு மேல் கதறுவது அவர்களுடைய உடல் கேமராவிலேயே பதிவாகியிருக்கிறது. நகராட்சி 29 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தது. யாரும் சாகவில்லை என்பதால் இதைச் சின்ன விஷயம் என்று என்னால் எழுத முடியவில்லை.

சரி, நீதிபதி பார்த்துத்தானே அனுமதி கொடுக்கிறார் என்று கேட்கலாம். நீதிபதிக்கு முன்னால் இருப்பது ஒரு தாள். காவலர் சத்தியம் செய்து எழுதித் தரும் வாக்குமூலம் அது. துப்பு கொடுத்தவர் யார் என்பது ரகசியம், எதிர்த்தரப்பு என்று அறையில் யாரும் இல்லை. ஆகவே தாளில் பொய் இருந்தால் அதைப் பிடிக்க ஆள் கிடையாது. 2006 நவம்பரில் அட்லாண்டாவில் 92 வயது மூதாட்டியின் வீட்டுக்குள் இப்படித்தான் புகுந்தார்கள். ஜன்னலுக்கும் கதவுக்கும் இரும்புக் கம்பி போட்டுத் தனியாக வாழ்ந்தவர். கதவு உடையும் சத்தம் கேட்டுப் பழைய துப்பாக்கியால் ஒருமுறை சுட்டார். பதிலுக்கு 39 குண்டுகள். வீட்டில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அவர்களே கஞ்சாவை வைத்தார்கள். அங்கே போதைப்பொருள் வாங்கியதாகச் சொல்லும்படி துப்பு கொடுப்பவர் ஒருவரை மிரட்டினார்கள். அந்த ஆள் மறுத்து உண்மையைச் சொன்னதால்தான் விஷயம் வெளியே வந்தது. காவலர்கள் சிறைக்குப் போனார்கள். 2019 ஜனவரியில் ஹூஸ்டனில் ஐம்பது வயதைக் கடந்த ஒரு தம்பதி இறந்தார்கள், நான்கு காவலர்கள் குண்டடி பட்டார்கள். அங்கே ஹெராயின் வாங்கியதாகச் சொல்லப்பட்ட துப்பு முழுப் பொய் என்று பிறகு தெரிந்தது. ஹெராயின் கிடைக்கவே இல்லை. பொய் எழுதிய அதிகாரி 2024இல் கொலைக்குற்றவாளி என்று தீர்ப்பாகி 60 ஆண்டு தண்டனை பெற்றார். கவனியுங்கள்: அவர் எழுதிய பொய்யால் அவருடைய சகாக்களே ரத்தம் சிந்தினார்கள்.

விதியை மீறினால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. 2006இல் ஹட்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பளித்தது: தட்டிக் காத்திருக்க வேண்டும் என்ற விதியை மீறியிருந்தாலும், உள்ளே கிடைத்த சான்றை வழக்கில் பயன்படுத்தலாம். நீதிபதி ஸ்காலியா எழுதிய தீர்ப்பு அது. உயிர், உடைமை, கண்ணியம் மூன்றையும் காக்கத்தான் தட்டச் சொல்கிறோம் என்று அவரே அழகாக விளக்குகிறார். பிறகு, பாதிக்கப்பட்டவர் நஷ்டஈட்டு வழக்குப் போடலாமே என்கிறார். ஆனால் அதிகாரிகளுக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பைத் தாண்டி அந்த வழக்கில் ஜெயிப்பது எளிதல்ல. ஜெயித்தாலும் பணம் போவது நகராட்சிக் கஜானாவிலிருந்து. 2017இல் அட்லாண்டாவில் மத்தியப் புலனாய்வுப் படை தவறான வீட்டை உடைத்தது. அந்தக் குடும்பம் வழக்கைத் தொடர்ந்து நடத்தலாம் என்ற அனுமதியை மட்டும் வாங்க 2025 வரை, உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

எப்போதுதான் நியாயம் என்று கேட்பீர்கள். கடத்தப்பட்ட ஒருவர் உள்ளே இருக்கிறார், ஒருவன் இப்போதே யாரையோ கொல்லப்போகிறான், உள்ளிருந்து அலறல் வருகிறது: இங்கெல்லாம் தட்டிக்கொண்டு நிற்பது மடமை. அந்த அவசரத்தில் ஆணையே தேவைப்படாது, சட்டம் ஏற்கெனவே வழிவிட்டிருக்கிறது. இந்தப் பக்கம் நான் உறுதியாக நிற்பேன். 2021 செப்டம்பரில் அமெரிக்க மத்திய அரசின் நீதி அமைச்சகம் தன் முகவர்களுக்கு இட்ட உத்தரவும் இதை ஒட்டியதுதான்: பொதுவாக யாருடைய உடலுக்காவது ஆபத்து என்றால் மட்டுமே தட்டாமல் நுழையக் கேட்கலாம், தடயம் அழியும் என்ற காரணம் மட்டும் போதாது. ஆனால் அது மத்திய முகவர்களை மட்டுமே கட்டுப்படுத்தியது; பெரும்பாலான கதவுகளை உடைப்பவர்கள் உள்ளூர்க் காவலர்கள். வர்ஜீனியா, ஆரிகன் போன்ற மாநிலங்கள் இந்த ஆணைகளைத் தடை செய்திருக்கின்றன. ப்ரியானா இறந்து மூன்று மாதத்தில் லூயிவில் நகரமும் அவர் பெயரிலேயே சட்டம் போட்டுத் தடை செய்தது.

ஆபத்தானவன் என்று தெரிந்த ஆளைப் பிடிக்க வேறு வழி உண்டா என்றால், காவல்துறைக்கே அந்த வழிகள் தெரியும். வீட்டைச் சுற்றி வளைத்து, விளக்கைப் போட்டு, ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். பகலில் போகலாம். அதைவிட எளிது, அவன் வெளியே வரும்வரை காத்திருப்பது. எல்லாரும் என்றாவது வெளியே வருகிறார்கள். காரில் ஏறும்போது பிடித்தால் அங்கே கட்டிலில் தூங்கும் குழந்தையும் கிடையாது, கதவுக்குப் பின்னால் பயந்து நிற்பவரும் கிடையாது. இதற்கு ஆள் வேண்டும், பொறுமை வேண்டும், கூடுதல் நேரச் சம்பளம் வேண்டும். செலவு அதிகம், ஒப்புக்கொள்கிறேன்.

2022 பிப்ரவரி 2 அன்று மினியாபொலிஸில் ஒரு கொலை வழக்குக்காகப் போனார்கள். வழக்கை விசாரித்த செயின்ட் பால் காவல்துறை தட்டிவிட்டு நுழையும் ஆணையே போதும் என்று இருந்தது. மினியாபொலிஸ் காவல்துறைதான் தட்டாமல் நுழைய வேண்டும் என்றது. விடிவதற்கு முன் சாவி போட்டுக் கதவைத் திறந்தார்கள். சோபாவில் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தார் அமிர் லாக், 22 வயது. ஆணையில் அவர் பெயர் இல்லை. ஒருவர் சோபாவைக் காலால் உதைத்தார். போர்வைக்குள்ளிருந்து அவர் எழும்போது கையில் துப்பாக்கி இருந்தது. அதை வைத்திருக்க அவருக்கு அனுமதி உண்டு. உள்ளே நுழைந்ததிலிருந்து ஒன்பதே விநாடிகளில் சுட்டார்கள். அவர்கள் தேடி வந்த இளைஞன் சில நாள் கழித்து வேறொரு ஊரில் கைதானான்.